பேட்டரியை எங்கே வைப்பது? சின்னப் படகில் டிரோலிங் மோட்டார் மாட்டுகிறவர்களுக்கு

மீன்பிடிக்கும் சின்னப் படகை மெதுவாக ஓட்டும், பேட்டரியில் இயங்கும் டிரோலிங் மோட்டாரைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் அதன் தலையிலிருந்து ஒரு சிவப்பு ஒயரும் ஒரு கறுப்பு ஒயரும் மூன்று, நான்கு அடிக்குத் தொங்கும். புதிதாக வாங்கியவர்கள் பெரும்பாலும் அந்த ஒயர் எட்டுகிற இடத்திலேயே பேட்டரியை வைத்துவிடுகிறார்கள். மோட்டார் பின்பலகையில் இருக்கும். பேட்டரி அதன் காலடியில். கைப்பிடியைப் பிடிக்கிற ஆளும் அங்கேயே. மோட்டார் 10 கிலோ, ஆள் 75, பேட்டரி 30 என்று 115 கிலோ படகின் கடைசி நான்கடியில் குவிந்துவிடும். மூக்கு வானத்தைப் பார்க்கும். லேசான காற்றுக்கே படகு திசை மாறும், பின்பலகைக்கு மேல் அலை ஏறும்.

தொங்குகிற ஒயரை நீட்டிக்கொள்ளலாம். அதனால் அதை வைத்து இடம் தேடாதீர்கள். முதலில் எடைக்கு எது சரியான இடம் என்று பாருங்கள், பிறகு அந்த இடத்துக்கு ஒயர் இழுங்கள், கடைசியாகக் கட்டுவதும் காற்றோட்டமும். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்தால் ஒவ்வொரு முறையும் எதையாவது கழற்றி மாட்ட வேண்டியிருக்கும்.

பெங்களூரிலிருந்து விடியற்காலையில் காரின் மேல் கட்டியோ டிரெய்லரில் இழுத்தோ கொண்டுபோகிற 10 முதல் 12 அடிப் படகுகளை மனதில் வைத்தே இதை எழுதுகிறோம். தட்டையான அடிப்பாகம் கொண்ட ஃபைபர் அல்லது அலுமினியப் படகு, இல்லாவிட்டால் காற்றடைத்த ரப்பர் படகு. ஓசூர் தாண்டி கிருஷ்ணகிரி அணைப் பக்கம் போனாலும் சரி, காவிரிப் பக்கம் போனாலும் சரி, படகு இறக்கவும் மோட்டார் ஓட்டவும் அனுமதி உண்டா என்று அணையைப் பார்த்துக்கொள்ளும் துறையிடமும் மீன்பிடி உரிமை எடுத்தவரிடமும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

எந்தப் பேட்டரி, எத்தனை கிலோ

வீட்டில் இன்வெர்ட்டருக்கு வைத்திருக்கும் உயரமான டியூபுலர் பேட்டரியைப் படகுக்குத் தூக்கிவரும் ஆசை பலருக்கும் வரும். வேண்டாம். 150 ஏ.எச். (ஆம்ப்-அவர், பேட்டரியின் கொள்ளளவு) டியூபுலர் 50 கிலோவுக்கு மேல் இருக்கும். உயரம் காரணமாக எடை மேலே நிற்கும். படகு சாய்ந்தால் மூடி வழியாக ஆசிட் கசியும். கார் பேட்டரியும் உதவாது. ஸ்டார்ட் செய்யும் சில நொடிகளுக்காக மெல்லிய தகடுகளோடு செய்தது அது. சார்ஜைப் பாதிக்கு மேல் பலமுறை இறக்கினால் சீக்கிரமே செத்துவிடும்.

நடைமுறையில் இரண்டே வழி. ஒன்று, யு.பி.எஸ்.ஸுக்கு விற்கும் சீல் செய்த எஸ்.எம்.எஃப். பேட்டரி: 12 வோல்ட் 100 ஏ.எச். சுமார் 30 கிலோ. இதில் பாதியை மட்டுமே செலவழிப்பது அதன் ஆயுளுக்கு நல்லது. இன்னொன்று, லித்தியம் அயர்ன் பாஸ்பேட்: அதே 100 ஏ.எச். 11 முதல் 13 கிலோ. 80 சதவீதத்துக்கு மேலும் தைரியமாக எடுக்கலாம். லித்தியம் வாங்கினால் அதற்குள் இருக்கும் பி.எம்.எஸ். (பேட்டரியைக் காக்கும் மின்சுற்று) தொடர்ந்து எத்தனை ஆம்ப் தரும் என்று கேளுங்கள். 50 ஆம்ப் இழுக்கும் மோட்டாருக்கு 50 ஆம்ப் பி.எம்.எஸ். போட்டால் எதிர்காற்றில் முழு வேகம் வைத்த நேரம் பார்த்துப் படக்கென்று நின்றுவிடும். 100 ஆம்ப் இருந்தால் கவலையில்லை.

மோட்டார் எவ்வளவு இழுக்கும் என்பது ஒயர் கணக்குக்கும் வேண்டும். 12 வோல்ட் மோட்டார்களில் 40 பவுண்டு உந்துவிசை உள்ளது முழு வேகத்தில் சுமார் 40 ஆம்ப். 55 பவுண்டு சுமார் 50 ஆம்ப். உங்கள் மோட்டாரின் கையேட்டில் இருக்கும் எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்.

எடைக் கணக்கு: ஒரு சீசா பலகை

படகைச் சிறுவர் பூங்காவின் சீசா பலகையாக நினைத்துக்கொண்டால் போதும். நடுவிலிருந்து எத்தனை அடி தள்ளி, எத்தனை கிலோ. இரண்டையும் பெருக்க வேண்டும். பின்பக்கத் தொகையும் முன்பக்கத் தொகையும் ஏறக்குறையச் சமமாக வந்தால் படகு மட்டமாக மிதக்கும்.

12 அடிப் படகை எடுத்துக்கொள்வோம். நடு 6 அடியில். பின்பலகையில் 10 கிலோ மோட்டார், 6 அடி தூரம்: 60. ஓட்டுகிறவர் 75 கிலோ, நடுவிலிருந்து 4 அடி பின்னால்: 300. பின்பக்கம் மொத்தம் 360.

முன்பக்கம் நண்பர் 70 கிலோ, 3 அடியில்: 210. நங்கூரம் 5 கிலோ, 5 அடியில்: 25. ஐஸ் பெட்டி 15 கிலோ, 1 அடியில்: 15. மொத்தம் 250.

குறைவது 110. 30 கிலோ பேட்டரியால் அதை ஈடுகட்ட 110-ஐ 30-ஆல் வகுங்கள்: நடுவிலிருந்து முன்னால் ஏறத்தாழ 3 அடி 8 அங்குலம். அதாவது நண்பரின் இருக்கைக்கு அடியில் அல்லது சற்றே முன்னால். பேட்டரி இரண்டென்றால் 60 கிலோ. 1 அடி 10 அங்குலம் முன்னால் வைத்தாலே போதும்.

நண்பர் வராத நாளில் இந்தக் கணக்கு கவிழும். பின்பக்கம் 360, முன்பக்கம் வெறும் 40. பேட்டரியை 5 அடி முன்னால் தள்ளினாலும் 150-தான் ஏறும். இன்னும் 170 குறையும். இங்கே பேட்டரியை மட்டும் நகர்த்திப் பயனில்லை, நீங்களும் நகர வேண்டும். மோட்டார் கைப்பிடியில் மாட்டும் நீட்டுக் குழாய் ஒன்று வாங்கிக்கொண்டு, நடுவிலிருந்து 2 அடி பின்னால் மட்டும் உட்காருங்கள். அப்போது பின்பக்கம் 150-உம் 60-உமாக 210. முன்பக்கம் பேட்டரியோடு 190. மிச்சம் 20; அது கண்ணுக்கே தெரியாது. தனியாகவும் துணையோடும் போகிறவர்கள் பேட்டரிக்கு இரண்டு கட்டுமிடங்களை ஆரம்பத்திலேயே அமைத்துவிடுவது புத்திசாலித்தனம்.

மூக்கு கூர்மையாக உள்ள படகில் முன்பக்கம் மிதப்பு குறைவு. அங்கே சமநிலைப் புள்ளி பாதி நீளத்துக்குச் சற்றுப் பின்னால் இருக்கும். ஆகவே கணக்கில் வந்த தூரத்தைவிடக் கொஞ்சம் பின்னால் வைத்துத் தொடங்குங்கள். மூக்கு அதிகமாக இறங்குவதும் கெடுதலே: படகு நேராகப் போகாமல் பக்கவாட்டில் இழுக்கும், பின்னால் விசிறி தண்ணீருக்கு மேலே வந்து காற்றை உறிஞ்சும். விசிறியின் மேல்முனை தண்ணீர் மட்டத்துக்குக் கீழே ஓர் அடி இருந்தால் நல்லது.

மோட்டார் அணியத்தில், அதாவது மூக்கில் இருந்தால் எல்லாம் தலைகீழ். மோட்டாரும் அதை இயக்குகிற ஆளும் முன்னால் இருப்பதால் பேட்டரி பின்னால் போகும், ஒயர் நீளும். பின்பலகையில் பெட்ரோல் எஞ்சினும் இருக்கிற படகென்றால் எஞ்சினின் எடையே பின்பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும். பேட்டரி நடுவுக்கு வரலாம்.

இடமா வலமா, மேலா கீழா

பேட்டரி ஒன்றே ஒன்று என்றால் நடுக்கோட்டில் வையுங்கள். ஆனால் கைப்பிடியை இடக்கையால் பிடிக்கிறவர் இயல்பாக வலப்பக்கம் ஒதுங்கி உட்காருவார். 75 கிலோ ஆள் 16 சென்டிமீட்டர் ஒதுங்கினால், 30 கிலோ பேட்டரி எதிர்ப்பக்கம் 40 சென்டிமீட்டர் ஒதுங்கினால்தான் சமன். அதனால் நீங்கள் உட்காரும் பக்கத்தைப் பார்த்தபின் இடத்தை முடிவு செய்யுங்கள்.

எடை கீழே இருக்க வேண்டும். இருக்கைப் பலகையின் மேல் பேட்டரி வைப்பவர்கள் இருக்கிறார்கள், எடுக்க வசதி என்று. சின்னப் படகில் அந்த 30 கிலோ ஒன்றரை அடி உயர்வது எழுந்து நின்று தூண்டில் வீசும்போது காலில் தெரியும். தரையிலேயே வையுங்கள், ஆனால் தரையை நேரடியாகத் தொடாமல். படகின் அடியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கும். பெட்டிக்குக் கீழே அரை அங்குலத்துக்குக் குறையாத இரண்டு கட்டைகள் கொடுத்தால் தண்ணீர் அடியில் ஓடிவிடும்.

ஒயர்: எட்டினால் மட்டும் போதாது

இடம் முடிவானதும் ஒரு கயிற்றை எடுத்து, ஒயர் போகப்போகும் வழியிலேயே, ஓரத்தில் ஏறி இறங்கி, அளந்துவிடுங்கள். நேர்க்கோட்டில் அளந்து வாங்கிய ஒயர் கடைசியில் ஓர் அடி குறையும் என்பது எழுதப்படாத சட்டம்.

12 வோல்ட்டில் ஒவ்வொரு பத்தில் ஒரு வோல்ட்டுக்கும் மதிப்புண்டு. ஒயரில் விழும் இழப்பு 3 சதவீதத்துக்குள், அதாவது 0.36 வோல்ட்டுக்குள் இருக்கட்டும். கணக்கு எளிது: 0.0175 பெருக்கல் போய்வரும் மொத்த நீளம் மீட்டரில், பெருக்கல் ஆம்ப், வகுத்தல் ஒயரின் ஸ்கொயர் (செம்பின் குறுக்குவெட்டுப் பரப்பு, சதுர மில்லிமீட்டரில்). பேட்டரி மோட்டாரிலிருந்து 3 மீட்டர் தள்ளி இருந்தால் போய்வர 6 மீட்டர். 40 ஆம்ப் மோட்டாருக்கு 6 ஸ்கொயர் ஒயரில் 0.70 வோல்ட் போய்விடும்; 10 ஸ்கொயரில் 0.42, 16 ஸ்கொயரில் 0.26. ஆகவே 16 ஸ்கொயர். அணியத்தில் 50 ஆம்ப் மோட்டார், பேட்டரி பின்னால், ஒருவழி 4 மீட்டர் என்றால் 16 ஸ்கொயரிலும் 0.44 போகும், 25 ஸ்கொயருக்குப் போக வேண்டும். அதில் இழப்பு 0.28.

பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் வெல்டிங் கேபிளும் சோலார் டி.சி. கேபிளும் மீட்டர் கணக்கில் கிடைக்கும். சோலார் கேபிளில் செம்புக் கம்பிகள் ஈயம் பூசியது போல் வெள்ளியாக இருக்கும். அது வெள்ளீயப் பூச்சு. ஈரத்தில் பச்சை பிடிக்காது, வெயிலையும் தாங்கும்; கிடைத்தால் அதையே எடுங்கள். வெல்டிங் கேபிள் வளைக்க மிருதுவானது, ஆனால் செம்பு பூசிய அலுமினியமும் அதே பெயரில் விற்கிறது. ஓர் இழையை பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம். (பூச்சு வெளியே மட்டும் இருக்கும் சோலார் கேபிளில் சுரண்டினால் உள்ளே செம்பு நிறம் தெரியும்.) எடையிலும் தெரியும்: 16 ஸ்கொயர் செம்பு மீட்டருக்கு 143 கிராம், மேலுறை தனி. செம்பு பூசிய அலுமினியம் அதில் பாதிகூட வராது.

இந்தக் கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது. 30 கிலோவைச் சரியான இடத்துக்கு நகர்த்த நீங்கள் படகில் கூட்டுவது ஒரு கிலோவுக்கும் குறைவான செம்பு. பேட்டரியைப் பின்னாலேயே வைத்துவிட்டு எதிர்ப்பக்கம் மணல் மூட்டை போடுகிறவர்கள் இதை யோசிக்கலாம்.

நுனிகளில் லக் (முனையில் மாட்டும் உலோக வளையம்) வைத்து, ஹைட்ராலிக் கிரிம்பர் உள்ள கடையிலேயே அழுத்தி வாங்குங்கள். வீட்டில் கட்டிங் பிளேயரால் நசுக்கிய லக் வெளியே நன்றாகத் தெரியும், 40 ஆம்ப் போகும்போது கொதிக்கும். லக் மேல் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடாக்கினால் சுருங்கும்) குழாய் போடுங்கள். மோட்டார் பக்கம் கழற்றி மாட்ட 50 ஆம்ப் ஆண்டர்சன் கனெக்டர் சரியாக இருக்கும். 50 ஆம்ப் மோட்டாருக்கு அதன் அடுத்த அளவு எடுங்கள். சோலார் கடையில் கேபிளோடு எம்.சி.4 கனெக்டரையும் தள்ளிவிடப் பார்ப்பார்கள். அது பொதுவாக 30 ஆம்புக்கானது, இங்கே உருகும்.

ஃப்யூஸ்

பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து 18 சென்டிமீட்டருக்குள் ஒரு ஃப்யூஸ் இருந்தாக வேண்டும். மோட்டார் பக்கத்தில் வைத்துப் பயனில்லை. நடுவழியில் ஒயர் உரசி ஷார்ட் ஆனால், பேட்டரிக்கும் அந்த இடத்துக்கும் இடையே தடுக்க எதுவும் இருக்காது. 40 ஆம்ப் மோட்டாருக்கு 50, 50 ஆம்ப் மோட்டாருக்கு 60. கையேடு வேறு எண் சொன்னால் அதுவே சரி. ஜே.சி. ரோட்டில் கார் ஸ்டீரியோ மாட்டும் கடைகளில் ஏ.என்.எல். எனும் அதிக ஆம்ப் ஃப்யூஸும் அதன் மூடியுள்ள பெட்டியும் கிடைக்கும். வீட்டு எம்.சி.பி. மாற்று மின்னோட்டத்துக்கானது, டி.சி. என்று அச்சிட்ட பிரேக்கர் இல்லாவிட்டால் ஃப்யூஸே மேல்.

24 வோல்ட் மோட்டாருக்கு இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைக்கும்போது, ஒன்றை இடமும் ஒன்றை வலமும் வைத்தால் எடை அழகாகப் பிரியும். இடையில் போகும் இணைப்பு ஒயரும் அதே தடிமனில் இருக்க வேண்டும். அதையும் நீளக் கணக்கில் சேருங்கள். இரண்டும் ஒரே ரகம், ஒரே வயது.

கட்டுவது

பேட்டரி எடை அதிகம், எங்கே போய்விடும் என்று நினைக்காதீர்கள். அமெரிக்கப் படகுத் தர அமைப்பான ஏ.பி.ஒய்.சி. சொல்லும் சோதனை இது: பேட்டரியின் எடையைப் போல் இருமடங்கு அல்லது 41 கிலோ, இரண்டில் குறைந்த விசையால் எந்தப் பக்கம் ஒரு நிமிடம் இழுத்தாலும் ஓர் அங்குலத்துக்கு மேல் நகரக் கூடாது. மீன் நிறுக்கும் கொக்கித் தராசு உங்களிடம் இருக்குமே, அதை மாட்டி இழுத்துப் பாருங்கள். 30 கிலோ பேட்டரிக்கு 41. 12 கிலோ லித்தியத்துக்கு 24.

ஐ.எஸ். 710 முத்திரையுள்ள 12 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட்டில் ஒரு தட்டு வெட்டி, நான்கு பக்கமும் ஒன்றரை அங்குலச் சட்டம் அடித்தால் பெட்டி வழுக்காது. மேலே ஓர் அங்குல நைலான் பெல்ட், பிளாஸ்டிக் பக்கிளோடு. இரும்பு ராட்செட் முனைகளுக்கு மேல் விழுந்தால் அதுவே ஷார்ட். பைக்கில் மூட்டை கட்டும் எலாஸ்டிக் கயிறு வேண்டாம். படகு சாய்ந்தால் அது நீளும். தட்டைப் படகில் திருகும்போது திருகு அடிப்பாகத்தைத் துளைத்துவிடாமல், குறுக்குச் சட்டங்களில் மட்டும் போடுங்கள்.

முனைகள் இரண்டுக்கும் ரப்பர் தொப்பி கட்டாயம். ஸ்பேனர் விழுவது எல்லாருக்கும் தெரிந்த ஆபத்து. கார்பன் தூண்டில் கழியிலும் மின்சாரம் பாயும் என்பது பலருக்குத் தெரியாது. திறந்த முனைகளின் மேல் குறுக்கே சாத்திவைத்தால் தீய்ந்துவிடும். அலுமினியப் படகில் மைனஸ் ஒயரை எந்தக் காரணத்துக்காகவும் உடலோடு இணைக்காதீர்கள், அரிக்க ஆரம்பிக்கும்.

காற்று

ஈயப் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவரலாம். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே அது பற்றும். சீல் செய்த பேட்டரியிலும், அதிகமாக சார்ஜ் ஆனால் வால்வு திறக்கும். ஹைட்ரஜன் மேலே ஏறும் என்பதால் பெட்டி மூடியில் துளைகள் இருக்கட்டும். மழைக்குப் பயந்து டேப் ஒட்டி அடைக்காதீர்கள். பெட்ரோல் ஆவி இதற்கு நேரெதிர், அடியில் தங்கும். பேட்டரியும் பெட்ரோல் டேங்கும் ஒரே மூடிய அறையில் இருக்கவே கூடாது. வீட்டுக்கு வந்ததும் அன்றிரவே சார்ஜில் போடுங்கள். பாதி இறங்கிய ஈயப் பேட்டரி அப்படியே கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து கெடும்.

மீன் காட்டும் கருவிக்குத் தனியாக ஒரு 7 ஏ.எச். சின்னப் பேட்டரி வையுங்கள், இரண்டு கிலோ சொச்சம்தான். மோட்டார் பேட்டரியிலேயே எடுத்தால் திரையில் கோடு கோடாக வரும்.

காற்றடைத்த படகு என்றால்

கணக்கு அதே, ஆனால் துணி மென்மையானது. பேட்டரிப் பெட்டியின் மூலைகள் அடித்துணியை அறுக்காமலிருக்க, மூலைகளை உருட்டிய பிளைவுட் தட்டும் அதன் கீழ் ரப்பர் விரிப்பும் போடுங்கள். திருகு போட முடியாது என்பதால் படகில் ஒட்டியிருக்கும் டி வளையங்களோடு இரண்டு பக்கமும் பெல்ட் கட்ட வேண்டும். படகில் எழுதியிருக்கும் அதிகபட்ச எடையில் பேட்டரியையும் மோட்டாரையும் சேர்த்துக் கழியுங்கள். மூன்று பேர் படகு என்றது இரண்டு பேர் படகாகிவிடும். லித்தியம் செலவுக்குத் தகுந்த பலன் தருவது இங்கேதான்.

தண்ணீரில் சோதனை

முழங்கால் ஆழத்தில் செய்யுங்கள். பேட்டரியைக் கையில் வைத்துக்கொண்டு படகில் ஏறாதீர்கள். படகின் பாதி கரையில் இருக்க, ஒருவர் வெளியே நின்று தூக்கிக்கொடுக்க, முதலில் அதைக் கட்டிவிட்டுப் பிறகு மற்ற சாமான், கடைசியில் ஆட்கள். எல்லாரும் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்ததும், தரையில் ஒரு ரசமட்டத்தை நீளவாக்கிலும் குறுக்கிலும் வைத்துப் பாருங்கள். ரசமட்டம் இல்லாவிட்டால் பாதி தண்ணீர் உள்ள பாட்டிலைப் படுக்கவைத்தாலும் தெரியும். மூக்கு ஓரிரு விரல் உயர்ந்திருந்தால் பரவாயில்லை. இறங்கியிருந்தால் பேட்டரியை அரை அடி பின்னால் இழுத்து மறுபடி பாருங்கள். திருப்தியானதும் அந்த இடத்தில் பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள், சட்டம் அடிப்பது அதற்குப் பிறகு.

பிறகு ஐந்து நிமிடம் முழு வேகத்தில் ஓட்டுங்கள். மோட்டாரை நிறுத்திவிட்டு லக், ஃப்யூஸ் பெட்டி, கனெக்டர் மூன்றையும் கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு சரி. கை வைக்க முடியாமல் சுட்டால் அந்த இணைப்பு மோசம். அன்றைக்குத் துடுப்புப் போட்டுக் கரைக்கு வந்து, அந்த லக்கை வெட்டிப் புதிதாக அடியுங்கள். பின்னாளில் ஈயத்திலிருந்து லித்தியத்துக்கு மாறினால் முன்னால் 18 கிலோ குறைந்திருக்கும். பழைய கோட்டை நம்பாமல் இந்தச் சோதனையை முதலிலிருந்து செய்யுங்கள்.